சிறுத்தை கட்டிய தண்டம்

கிட்வே என்ற சுரங்க நகரத்தின் சந்தையில் பழைய துணிப் பொதி பிரித்து விற்கும் அஸ்ட்ரிடா எளிதில் அருவருக்கிற பெண் அல்ல. கடல் தாண்டி வந்த கோட்டுப் பைக்குள் யாரோ மூக்குச் சிந்திய துணி இருக்கும், மென்று துப்பிய மிட்டாய் ஒட்டியிருக்கும். எடுத்து எறிந்துவிட்டு, கையைக் கழுவி, அதே கையால் பொரித்த மாவுருண்டை தின்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு தகர டப்பாவுக்குள் கை விட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது.

அந்த டப்பா இருந்தது சுரங்கக் குடியிருப்பின் பொழுதுபோக்கு மன்றத்தில். சுரங்கக் கம்பெனி கைகழுவிவிட்டுப் போன கட்டடம். கூரை ஒழுகும், கதவுகள் சாத்தாது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் அஸ்ட்ரிடா அங்கே இருப்பாள். குடியிருப்புப் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து சொல்லிக்கொடுப்பது அவள்தான். அவளிடம் ஆடிய பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது ஆடுகிறார்கள்.

ஒரு பெயின்ட் வியாபாரி மன்றத்துக்கு டின் டின்னாகப் பெயின்ட் கொடுத்தார். சாலையைப் பார்த்த நீளச் சுவரில் படம் வரைய வேண்டும், வரைபவரைக் குடியிருப்பு மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. மன்றக் கமிட்டி கூடியது. அதன் தலைவர் போஸ்கோ சிசங்கா, விளையாட்டுத் திடலின் மூலையில் பார் நடத்துகிறவர். அஸ்ட்ரிடாவும் கமிட்டியில் ஒருத்தி.

முடிதிருத்தும் கடைகளுக்குப் பலகை எழுதும் மாலாமாவை அவள்தான் போய்க் கூப்பிட்டாள்.

"வேண்டாங்க்கா," என்றாள் மாலாமா. "நாலு எடத்துல வரைஞ்சு காட்டிப் பார்த்தாச்சு. கடைசியில யாராவது ஒருத்தரோட அக்கா பிள்ளைதான் ஏணியில ஏறுவான்."

"இந்தத் தடவை ஊரே பார்த்துச் சொல்லப்போகுது. நான் உள்ள உக்காந்திருக்கேன்ல? ஏமாத்த விட்டுடுவேனா?"

அந்த வார்த்தையை நம்பித்தான் மாலாமா ஒட்டுப்பலகையை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று பேருக்கு மாதிரிப் படம் வரையப் பலகை கொடுத்தார்கள். ஒருவன் அதைத் தன் கோழிக் கூண்டுக்குக் கதவாக்கிவிட்டுத் தலைமறைவானான். மிச்சம் இரண்டு படங்கள் மன்றத்தில் தொங்கின. ஒன்று மாலாமாவுடையது. வலைப்பந்து ஆடும் பெண்களைத் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தது போல வரைந்திருந்தாள். செம்மண் அப்பிய முட்டிகள், அண்ணாந்த முகங்கள், பந்து எங்கோ மேலே. "இது என் பொண்ணு முட்டிதான், தழும்பைப் பாரு," என்று அதன் முன்னால் தாய்மார்கள் சண்டை போட்டார்கள். இன்னொன்றை வரைந்தவன் தலைவரின் அக்கா மகன் பிரைட்சன். அருவி, கழுகு, யானை, மேகத்துக்குள் டை கட்டிய மாமா. யானைக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு தலையணைகள் இருந்தன.

படத்துக்குக் கீழே ஆளுக்கொரு டப்பா. பிடித்த படத்தின் டப்பாவில் ஒரு பாட்டில் மூடியைப் போட வேண்டும். சீட்டு என்றால் எழுதத் தெரியாதவர்கள் திணறுவார்கள். மூடியை வைத்துக் காய் நகர்த்தி விளையாடாத வீடு அங்கே கிடையாது. யோசனை அஸ்ட்ரிடாவினுடையது. எல்லோரும் பாராட்டினார்கள், தலைவர் உட்பட. ஊரில் யார் வீட்டு முற்றத்தில் மூடி குவிந்து கிடக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

சனிக்கிழமை மன்றத்தைப் பூட்டியபோது மாலாமாவின் டப்பா நிறைந்திருந்தது. மற்றதை ஆட்டினால் கலகலத்தது. ஞாயிறு தேவாலயம் முடிந்து திறந்தபோது பிரைட்சனின் டப்பா பொங்கி வழிந்தது. அஸ்ட்ரிடா உள்ளே கையை விட்டாள். எல்லாம் ஈரம், பிசுபிசுப்பு. புளித்த பீர் நாற்றம் முகத்தில் அடித்தது. விரலில் சிகரெட் துண்டு ஒட்டிக்கொண்டது. அடியில் மெத்தென்று எதுவோ நசுங்கியது. வெளியே எடுத்தால் கரப்பான்பூச்சி. பாரின் குப்பைக் கூடையை அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். திருடுகிறவன் கழுவியாவது போட்டிருக்கலாம். கழுவ வேண்டும் என்றுகூட நினைக்காத அலட்சியம்தான் அவளை அருவருக்க வைத்தது.

கூட்டம் கூடியது. பெரிய மனிதனைச் சபையில் திருடன் என்று சொல்ல முடியாது. ஆனால் அஸ்ட்ரிடாவுக்கு ஒரு வழி இருந்தது. அவள் ஆட்டுக் குலம், போஸ்கோ சிறுத்தைக் குலம். இந்த இரண்டு குலத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேவலமாகவும் ஏசலாம், கோபப்படக் கூடாது. தோற்றவர் தண்டமாகக் குடிக்க ஏதாவது வாங்கித் தர வேண்டும். ஒரு குலத்தில் சாவு விழுந்தால் மற்றக் குலத்தார்தான் வந்து குழி வெட்டுவார்கள். சொந்தக்காரன் மண்வெட்டியைத் தொடக் கூடாது. அந்த உரிமையில் சொல்லிவிடலாம் என்று நினைத்து எழுந்து, "ம்மே" என்று கத்தினாள். சபை அப்போதே இளிக்கத் தொடங்கியது.

"ஏ சிறுத்தை, ஊர் போட்ட மூடியெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. உன் அக்கா பிள்ளை மூடி மட்டும் ஏன் இன்னும் போதை தெளியாம கிடக்கு?"

"புல்லு மேயுற வாய்க்கு பீர் வாசனை எப்படித் தெரியும்?" என்றார் போஸ்கோ.

"டப்பாவுல ஒரு கரப்பான்பூச்சியும் செத்துக் கிடக்கு. அதுவும் ஓட்டுப் போடத்தான் வந்துச்சா? இல்ல, அதுவும் உன் அக்கா பிள்ளையா?"

மன்றம் அதிர்ந்தது. ஆட்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் போஸ்கோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோத்தேன். ஆட்டுக்குத் தண்டம் கட்டுறேன்," என்றார். பாரிலிருந்து ஆரஞ்சு சோடா பெட்டி பெட்டியாக வந்தது. அந்த இரைச்சலுக்குள்ளேயே பிரைட்சன் பெயரை வாசித்து, கைதட்டி, கூட்டத்தை முடித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் மாலாமா சிரிக்காமல் நின்றிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் அஸ்ட்ரிடா தன் கையைப் பார்த்தாள். சோடா பாதி காலியாகியிருந்தது.

மறுநாள் காலை பாருக்குப் போனாள்.

"தலைவர் ஐயா."

"ஐயாவா? ஆடு எப்ப மரியாதை கத்துக்கிச்சு?"

"விளையாட வரல. டப்பாவுல மூடியைக் கொட்டினது நீங்க. சுவரு மாலாமாவுக்குச் சேர வேண்டியது."

போஸ்கோ மேஜையைத் துடைத்துக்கொண்டே, சங்கடம் இல்லாமல் சொன்னார். "அதைத்தான் நேத்தே சபையில சொல்லிட்டியே. நானும் தண்டம் கட்டிட்டேன். நீயும் குடிச்ச. குடிச்சு முடிச்ச வழக்கை எவன் மறுபடி எடுப்பான்? அப்புறம், அக்கா பிள்ளைக்கு மாமன் நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?"

கமிட்டிக்காரர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். "கரப்பான்பூச்சி ஓட்டுப் போட்டுச்சுன்னியே, வயிறு வலிக்குதும்மா இன்னும்," என்று மனைவிமாரைக் கூப்பிட்டு அவளை மறுபடி சொல்லச் சொன்னார்கள். எல்லோருக்கும் நடந்தது தெரிந்திருந்தது. தெரிந்து, சிரித்து, செரித்தும் விட்டார்கள்.

மாலாமாவின் கடைக்குப் போனபோது அவள் பலகையைக் கிடத்தி வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். முட்டிகள் போய்விட்டிருந்தன. அண்ணாந்த முகங்கள் மட்டும் மிச்சம்.

"ஏன் மாலாமா?"

"முடி வெட்டுறவருக்குப் போர்டு வேணுமாம். பலகை நல்ல பலகைக்கா." தூரிகை நிற்கவில்லை. "நேத்து எல்லாரையும் நல்லா சிரிக்க வச்சீங்க."

மழைக்கு முன்பே சுவரில் யானை ஏறிவிட்டது. பிள்ளைகள் பந்தாடும்போது மேகத்துக்குள்ளிருந்து போஸ்கோ பல்லைக் காட்டினார். அஸ்ட்ரிடா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் விசில் ஊதினாள்.

ஒருநாள் போஸ்கோ சந்தைக்கு வந்தார். "ஏய் ஆடு," என்று தூரத்திலிருந்தே கூவினார். பக்கத்துக் கடைக்காரிகள் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள்.

"வாங்க ஐயா. என்ன எடுக்கட்டும்?"

"என்ன, ஆட்டுக்குக் காய்ச்சலா? கத்து பார்ப்போம்."

"சட்டை வேணுமா, கோட்டு வேணுமா ஐயா?"

திரும்பிய முகங்களில் சிரிப்பு வடிந்தது. ஏச மறுப்பது உறவை அறுப்பது. அங்கே யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. போஸ்கோ குரலைத் தாழ்த்தினார். இன்னமும் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்.

"அப்போ எங்க வீட்டுல சாவு விழுந்தா யாரு வந்து குழி வெட்டுவா?"

"உங்க அக்கா பிள்ளை இருக்கானே ஐயா."

அஸ்ட்ரிடா அடுத்த கோட்டை உதறி, அதன் பைக்குள் கையை விட்டாள்.