அரண்மனைக்கு வாசல் எந்தப் பக்கம்

கல்லூரி நூலகத்தில், கடலுக்கு அப்பாலிருந்த பழைய மாயன் நகரங்களைப் பற்றிய கனமான புத்தகம் ஒன்று இருந்தது. பி.ஏ. வரலாறு கடைசி வருடத்தில் அதை வீட்டுக்கு எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். காட்டுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் படிக்கட்டுக் கோபுரங்கள். அப்பா கொத்தனார். புத்தகத்தைக் கையில் வாங்கிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்ளோ செங்குத்தா படி கட்டியிருக்கானே, எறங்கறப்ப என்னா பண்ணுவான்?"

எனக்கு அது தெரியாது. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான் என்று மட்டும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை நான் மறந்ததும் இல்லை, வீட்டில் யாரையும் மறக்க விட்டதும் இல்லை.

அப்போது என் கவலையெல்லாம் எம்.ஏ.தான். திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"பி.ஏ.வே நம்ம வம்சத்துல யாரும் பாத்ததில்ல பாப்பா. செத்துப்போன ராஜாவப் பத்தி இன்னும் ரெண்டு வருசம் படிச்சு என்னா ஆவப்போவுது?"

ஒரு பழைய இடத்தை நேரில் காட்டி, நின்று விளக்கினால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். மாயன் நாட்டுக்குப் போக வழியில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பஸ் இருந்தது. கோயிலுக்கு என்று சொன்னால்தான் எங்கள் வீட்டில் யாரும் ஊரைத் தாண்டுவார்கள், அதனால் அப்படியே சொன்னேன். பரீட்சை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா புளிச்சோறு கட்டிக்கொள்ள, மூன்று பேரும் பெரம்பலூரில் பஸ் ஏறினோம். அரியலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் மறுபடி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

சாமி கும்பிட்ட கையோடு வெயிலில் அவர்களை மாளிகைமேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். சோழர் அரண்மனை இருந்ததாகத் தோண்டிக் கண்டெடுத்த இடம் அது. முந்திரித் தோப்புகளைத் தாண்டி, கம்பி வேலிக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பாகம் மட்டும் கட்டம் கட்டமாகக் கிடந்தது.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்க இருக்கு அரமண?"

"இதாம்மா."

"இதா? கடக்கால் போட்டதோட நின்ன வூடுல்ல இது. சிமிட்டி கெடைக்கல போலருக்கு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா சித்தாள், ஆயிரம் அஸ்திவாரம் பார்த்தவள். அவளுக்கு வேறெப்படித் தெரியும்? நான் குரலை உயர்த்தி, யார் இந்த நகரத்தைக் கட்டினார், எந்த நதிவரை படை போனது என்று வகுப்பில் சொல்வதுபோல் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா கேட்டுக்கொண்டே சுவரை ஒட்டி நடந்தார். குனிந்து ஒரு செங்கல்மேல் கைவிரித்துச் சாண் வைத்து அளந்தார். திரும்பி வந்தார்.

"வாசக்கால் எங்க பாப்பா?"

"என்னப்பா?"

"சுவரு சுத்திப் போவுது. ராஜா எந்தப் பக்கமா உள்ள வந்தாரு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தயங்காமல் கையை நீட்டினேன். "அதோ, கிழக்கால. அதான் ராஜ வாசல்."

அம்மா அந்தத் திசையைப் பார்த்தாள். "அது நாம வந்த கம்பி கேட்டுடி. ராஜாவும் வேலி தாண்டித்தான் வந்தாரா?"

இந்த முறை அப்பா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புளிச்சோற்றை மூவரும் வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் தின்றோம். எம்.ஏ. போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, போனால் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, வாசல் எங்கன்னு எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்."

"அதான் தெரிஞ்சுதே."

"புஸ்தகத்துல அது இல்ல. நான் பாத்த வரைக்கும் இல்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வேலிக்குள் போனார். அம்மா பின்னாலேயே கத்தினாள், "பஸ்ஸு போயிரும் வாங்க!" அவர் அரைமணி நேரம் சுற்றினார். மூலைகளில் உட்கார்ந்து பார்த்தார். பஸ் போயே விட்டது.

அடுத்த பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர், இறங்கும்போது கேட்டார்.

"திருச்சில படிச்சா, வாசல் எங்கன்னு சொல்லிக் குடுப்பாங்களா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"தெரியலப்பா. யாராச்சும் கண்டுபிடிச்சிருந்தா சொல்லுவாங்க."

"இல்லாட்டி?"

"தேடணும்."

"வடக்கு மூலைல ஒரு எடத்துல செங்கல்லு வரிசை மாறுது, வாசல அடச்ச மாரி," என்றார். "திருச்சி போனதும், மொதல்ல அதத் தேடு."

அம்மா காலிப் பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். "ரெண்டு பேரும் அங்கயே குடி போயிருக்கலாம்," என்றாள்.