சனிக்கிழமை கார் ஆருக்கு?

டென்மார்க்கின் பிராண்டே நகரில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் அப்போது ஒரு தொலைபேசி இருந்தது. ஒரு ஜூன் மாதப் பின்னேரம், காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அது அடித்தது. செயலாளர் அக்கா. சுகம் விசாரிக்கவில்லை. "புள்ள, சனிக்கிழமை உங்கட வீட்டுக் கார் ஆருக்கு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "கார் ஒண்டுதானே அக்கா. அவர் வைலேக்குக் கொண்டுபோறார், மேட்சுக்கு." மறுமுனையில் சின்னச் சிரிப்பு. "அவர் போறார். நீ எங்க போறாய் எண்டு யோசிச்சுச் சொல்லு. மறுகா எடுக்கிறன்." அவ்வளவுதான்.

அக்கா மட்டக்களப்புக்காரி. ஹொல்ஸ்டெப்ரோவில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அவர்களோடு டேனிஷில் சண்டையும் பிடிக்கிற வேலை. டென்மார்க்கின் ஜூட்லாந்துப் பகுதியில் வாழ்ந்த எங்கள் பழைய மாணவர்களின் கோடைகால விளையாட்டு விழாவுக்கு அவர்தான் பல வருடங்களாகச் செயலாளர். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள், வன்னியில் படித்தவர்கள், தீவுப் பகுதியில் படித்தவர்கள் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் பெயரிலும் ஓர் அணி. ஆண்களுக்கு உதைபந்தாட்டம், பெண்களுக்கு வலைப்பந்தாட்டம். ஹொல்ஸ்டெப்ரோப் பக்கம் மேற்குப் பிரிவு, வைலேப் பக்கம் கிழக்குப் பிரிவு. இரண்டிலும் வென்றவர்கள் கடைசியில் மோதுவார்கள். நான் படித்தது முல்லைத்தீவுக் கரையோரத்து மகா வித்தியாலயம் ஒன்றில். டென்மார்க் முழுவதும் தேடினாலும் எங்களில் ஓர் அணிக்குத்தான் பெண்கள் தேறுவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் கவலை.

யுத்தம் முடிந்த வருடம் எவரும் பந்தைத் தொடவில்லை. அந்தக் கோடையில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டால் "ஊரிலயிருந்து ஆரும் கதைச்சினமோ?" என்று மட்டும் கேட்டோம். என் தங்கச்சி முகாமில் இருந்தாள். மறு வருடம் அவள் வெளியே வந்து வவுனியாவில் உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்று அறிந்த பிறகுதான் எனக்குச் சோறு சோறாக இறங்கியது. பலருக்கும் அப்படித்தான். விழாவைத் திரும்ப வைப்போம் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. சரியாக அந்த நேரத்தில் பாரிஸிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்து சேர்ந்தார்.

வைலேயில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அவர் கெட்டிக்காரர், மரியாதையானவரும்கூட. விழாவை நேரடியாக ஒளிபரப்புவார். ஊரில் டிஷ் வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் தெரியும். மண்டபத்தில் எல்லோரும் கதிரையை முன்னால் இழுத்தார்கள். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். மேற்கு, கிழக்கு என்ற பிரிவுகள் வேண்டாம். பெயர் பெற்ற கல்லூரிகள் மட்டும் ஒரே பிரிவாக, ஒரு சனிக்கிழமை, வைலேயில் விளையாட வேண்டும். உதைபந்தாட்டம் மட்டும் காட்டப்படும். மூன்று வருடங்களுக்கு வேறு எவரும் படம் பிடிக்கக் கூடாது. மேற்குப் பிரிவில் இருந்த இரண்டு பெரிய கல்லூரிகளும் தேநீர் ஆறுவதற்குள் கிழக்கோடு சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் உதைபந்தாட்டத் தலைவர் என் கணவர்.

"மத்தவங்க?" என்று கேட்டார் செயலாளர் அக்கா.

"சின்னப் பள்ளிக்கூடங்களை ஆர் அக்கா பாப்பினம்? அவைக்கு வேற ஒரு நாள் வைப்பம்" என்றார் தொலைக்காட்சிக்காரர்.

அக்கா கைப்பையை மூடினார். "வைப்பம். அந்த வேற நாளும் அதே சனிக்கிழமைதான். ஹொல்ஸ்டெப்ரோவில கிரவுண்ட் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தார்கள். அவர் கோபப்படவேயில்லை என்பது, பெண்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பெரிய கல்லூரிகளின் வீரர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடத்துப் பெண்களைத்தான் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கார். கார் இல்லாமல் இந்தச் சிறு நகரங்களில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. அன்று இரவுச் சாப்பாட்டில் நான் கணவரிடம் சொன்னேன். "என்னப்பா, சனிக்கிழமை ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போகக் கார் எனக்கு வேணும்."

"என்ன பகிடியே? நான் கப்டன்."

"நானும் கோல் அடிக்கிற ஆள்."

அவர் கரண்டியை வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, சங்கடம் இருந்தது. "ஊரில அப்பா ரீவியில பாப்பாரடி. நான் விளையாடி அவர் ஒருக்காலும் பாக்கேல்லை. பொடியனா இருக்கேக்க ஒளிச்செல்லே விளையாடினனான்" என்றார். அது எனக்குத் தெரியாது. அவருடைய தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். பிறகு சொன்னேன், "என்ர தங்கச்சியும்தான் அந்த ரீவியைப் பாப்பாள், அதில நான் எங்க? அவள் என்னைக் கண்டு எத்தினை வருசம்? எங்கட பள்ளிக்கூடம் இப்ப கட்டடமாயும் இல்லை. பேரையெண்டாலும் மைக்கில ஒருக்கா வாசிக்கட்டுமன்." எங்கள் மகள், அப்போது நாலாம் வகுப்பு, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டேனிஷில் கேட்டாள்: ஏன் எல்லோரும் ஒரே இடத்தில் விளையாடக் கூடாது?

அதே கேள்வி அந்தக் கிழமை ஜூட்லாந்தின் பல சாப்பாட்டு மேசைகளில் எழுந்திருக்க வேண்டும். ஆண்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்கள். வைலேக்கு எப்படிப் போவது, இடைவேளைக்கு ரோல்ஸ் யார் பொரிப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது, கை தட்டுவதற்கு யார் வருவது? செய்தி பாரிஸுக்கும் எட்டியது. "வெறும் புல்லைக் காட்டவோ நான் அவ்வளவு தூரம் வாறது?" என்று தொலைக்காட்சிக்காரர் என் கணவரிடம் கத்தினாராம். அவருடைய அடுத்த அழைப்பு செயலாளர் அக்காவுக்குப் போனது.

இருவரும் பேரம் பேசியதை அக்கா பின்பு நடித்தே காட்டுவார். அக்காவின் நிபந்தனைகள் இவை: எல்லாப் பள்ளிக்கூடங்களும் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வர வேண்டும், சீட்டுக் குலுக்கிப் பிரிவு போட வேண்டும். தொடக்கத்தில் அணிநடை, ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட வேண்டும். யாரும் படம் பிடிக்கலாம். வலைப்பந்தாட்டம் முழுவதும் காட்டப்பட வேண்டும். கடைசி நிபந்தனையில் தொலைக்காட்சிக்காரர் கெஞ்ச, அக்கா இறுதிப் போட்டி மட்டும் போதும் என்று விட்டுக்கொடுத்தார். "அந்தாளும் பிழைக்கத்தானே வேணும்" என்பார்.

அந்தச் சனிக்கிழமை ஹொல்ஸ்டெப்ரோவில் மேற்கிலிருந்து வழக்கமான காற்று. பதாகைகள் பாய்மரம் போலப் புடைத்தன. பிடித்தவர்கள் பின்னால் இழுபட்டார்கள். எங்கள் வித்தியாலயத்தின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது என் கால்கள் இடம் வலம் மறந்துவிட்டன. கணவரின் கல்லூரி ஆரம்பத்திலேயே தோற்றது. அதனால் அவருக்கு எங்கள் இறுதிப் போட்டியில் கத்துவதற்கு நிறையத் தொண்டை மிஞ்சியிருந்தது. நாங்கள் ஆடியது அவருடைய கல்லூரியின் சகோதரப் பெண்கள் பாடசாலையோடு. அவர் எங்களுக்காகக் கத்தினார். ஒரே ஒரு கோலால் தோற்றோம். தோற்றவர்கள் இவ்வளவு சிரித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

வியர்வை காயுமுன் என் கைத்தொலைபேசி அடித்தது. வவுனியா. அழுவாள் என்று நினைத்து என்னைத் தயார் செய்துகொண்டேன்.

"அக்கா, என்னடி இப்பிடிக் கொழுத்துப்போனாய்! கடைசிப் பந்தை விட்டிட்டியே!"

பின்னால் ஒரு வீடு நிறையச் சிரிப்பு. நான் நிலத்தில் அமர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். கணவரின் அப்பா மறுநாள் எடுத்தார். மகன் தவறவிட்ட ஒரு பந்தை இடது காலால் அடித்திருக்க வேண்டும் என்று நெடுநேரம் விளங்கப்படுத்தினார். இவர் பள்ளிப் பையனைப் போல "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று நின்றார்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் என் மனதில் முதலில் எழுவது அணிநடையின் கடைசிக் காட்சி. எல்லோரும் நடந்து முடிந்த பின், யாரோ அக்காவிடம் கேட்டார்கள், உங்கட பள்ளிக்கூடம் எங்கே என்று. அத்தனை வருடங்களில் எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. "என்ட பள்ளிக்கூடத்துக்கு டென்மார்க்கில நான் ஒராள்தான். ஒராள் எப்பிடிகா நடக்கிற?" என்று அக்கா கையை விசுக்கினார். நாங்கள் விடவில்லை. அறிவிப்பாளர் பெயரைக் கேட்டு வாங்கி உரக்க வாசித்தார். அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கைகளை வீசி, அந்தப் பெரிய மைதானத்தைத் தனியே சுற்றி வந்தார். காற்று அவரைத் தள்ளியது; அவர் கோடு தவறவில்லை. இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். கமரா அவரை மட்டும் பின்தொடர்ந்தது.

அந்தத் தொலைக்காட்சி இப்போது இல்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே ஊருக்குக் காட்டுகிறார்கள். எவரிடமும் உரிமை கேட்பதில்லை. அக்கா ஓய்வு பெற்றுவிட்டார், முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆனாலும் ஒவ்வொரு கோடையும் தனியே நடந்தார். போன கோடையில் அவருக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண், மட்டக்களப்பிலிருந்து வந்து சில மாதங்களே ஆன தாதி, கால் மாற்றிப் போட்டுத் தடுமாறிக்கொண்டு வந்தாள். எங்களைத் தாண்டும்போது அக்கா தலையைத் திருப்பாமல், வாயோரத்தால் சொன்னார்:

"பாத்தியா புள்ள, இப்ப நாங்க ஒரு அணி."