வெட்டிப் போட்ட கடைசி வரி

தொலைக்காட்சி நிலையத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். படத்தொகுப்பு அறையில் கத்தரிக்கோல் ஏது, எல்லாம் கணினிதான். ஆனாலும் வெட்டுகிறவன் வெட்டுகிறவன்தானே. மந்திரி பேச்சானாலும் சரி, சோப்பு விளம்பரமானாலும் சரி, இவன் கைபட்டால் இளைத்துவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவன் கையில் இருந்தது வாராவாரம் வரும் விஞ்ஞானக் கதைத் தொடர். ஒவ்வொரு வாரமும் கதை மாறும், நடிகர்கள் மாறுவார்கள். மாறாதவர் ஒருவர்தான்: உலகமே கொண்டாடும் ஒரு விஞ்ஞானி. கதைக்கு முன்னால் வந்து இரண்டு வார்த்தை பேசுவார். முடிந்ததும் வந்து, எதுவரை நிஜம், எங்கிருந்து கற்பனை என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவு பெரிய மனுஷரிடம் பந்தா என்பதே கிடையாது. சட்டையில் குத்திய மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தொகுப்பறையை எட்டிப் பார்த்து எப்போதும் ஒன்றையே சொல்வார்.

"கதையை எப்படி வேணா வெட்டுப்பா. என் கடைசி வரில மட்டும் கை வைக்காதே."

"சரிங்க சார்" என்பான் கத்தரி.

ஒரு வாரம் செயற்கைக் கண்ணைப் பற்றிய கதை. பார்வை இழந்த ஒருத்தி அதைப் பொருத்திக்கொண்டு மகனின் முகத்தை முதல்முறையாகப் பார்க்கிறாள். முடிவில் விஞ்ஞானி வந்தார். "இப்படி ஒரு கண்ணு கண்டிப்பா வரும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தார்: "ஆனா அதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். இருக்கிற பார்வையை இப்ப இருக்கிற வைத்தியத்தால காப்பாத்திக்குங்க."

ஒளிபரப்புக்குச் சற்று முன்பு தயாரிப்பாளர் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். புது விளம்பரம் ஒன்று வந்திருக்கிறது, இடம் வேண்டும். கதையில் வெட்டினால் இசை அறுந்து தொங்கும், மறுபடி ஒலி சேர்க்க வேண்டும், யாரால் ஆகும்? 'கண்டிப்பா வரும்' என்பதோடு நிறுத்தினாலோ, அடடா, நெஞ்சில் நிற்கும். கத்தரி வெட்டிவிட்டான். வெட்டு விழுந்த இடமே தெரியவில்லை என்று தயாரிப்பாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கத்தரியின் அக்காவுக்குக் கண் அழுத்த நோய். ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதைக் காப்பாற்ற அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். வேலை வேலை என்று கிடந்தவனுக்கு அந்த நாள் வந்துபோனதே தெரியாது. மாதங்கள் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது, அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"ஆபரேஷன் என்னக்கா ஆச்சு?"

"வேணாம்னுட்டேன்டா. புதுக் கண்ணே வரப்போகுது, இதுல போய் எதுக்குக் கத்தி வைக்கணும்? உங்க டிவிலதானே சொன்னாங்க."

கத்தரி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினான். அப்போதே அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அன்னிக்கே வந்திருந்தா நல்லா காப்பாத்தியிருக்கலாம். போனது திரும்பாது. மிச்சமிருக்கிற வெளிச்சத்தையாவது பிடிச்சு வைக்கப் பாக்கலாம்."

வராந்தா பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள். பழியை விஞ்ஞானி மேல் போட்டுவிடலாம், அவர் வந்து கேட்கவா போகிறார் என்று ஒரு கணம் நினைத்தான், பாவி. அந்த நினைப்பே அவனைக் கூசவைத்தது.

"அவர் சரியாத்தான்கா சொன்னார். வைத்தியம் பாத்துக்குங்கன்னும் சொன்னார். அந்த வரியை நான்தான் வெட்டினேன். உன் கண்ணை நானே கெடுத்துட்டேன்கா."

அக்கா கையிலிருந்த மருத்துவச் சீட்டை நாலாக மடித்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அவர் பெரிய ஆளா இருக்கலாம். எனக்கு யாரோ எவரோ" என்றாள் கடைசியில். "அவர் சொன்னாருங்கறதுக்காகவா நம்பினேன்? தம்பி பாத்து அனுப்பினதாச்சேன்னு நம்பினேன்டா."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அக்கா எழுந்து, பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள், அவன் இல்லாத பக்கமாக. அவன் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்தான்.