பனங்கொண்டை வரை எட்டிய வெளிச்சம்

எங்கள் பக்கத்தில் டார்ச் வாங்குகிறவர்கள் கடை வாசலில் நின்று எட்டத்தில் உள்ள மரத்தின் மேல் அடித்துப் பார்ப்பார்கள். கொண்டை தெரிந்தால் நல்ல டார்ச். வரப்பில் கிடக்கும் பாம்பு தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதால் வந்த வழக்கம். என் அண்ணனும் திருவாரூரில் ஒரு பனைமரத்தின் மேல் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினார். பெட்டியில், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் கணக்கு பெரிய எழுத்தில் இருந்தது. வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை.

"பகல் மாதிரி இருக்குடா" என்றார்.

அவருக்கு அரிசி ஆலையில் வேலை. ஞாயிறும் விடுமுறை கிடையாது. விடியுமுன் கிளம்பினால் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். குத்தகை வயலை டார்ச் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். முந்தைய விளைச்சல் சுமார். இந்தச் சம்பாவும் சரியில்லை என்றால் நிலத்தை வேறு ஆளிடம் விடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார்.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்தில் புகையான் வந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சி அது. அண்ணன் தினமும் பயிரை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏங்க, ஒரு நாள் லீவு போட்டுட்டு வெயில்ல இறங்கிப் பாருங்களேன்" என்றார் அண்ணி.

"வெயில் இதவிட என்னாத்தக் காட்டப் போவுது? தூர்ல சேறு ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்."

அது சேறு இல்லை. தூரைத் தட்டியிருந்தால் துள்ளியிருக்கும். கண்ணுக்குத் தெரிகிறது என்று நம்பியவர் தட்டவில்லை. சில நாட்களில் வயலின் நடுவே பயிர் வட்டமாகக் காய்ந்தது. மருந்தடித்தும் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

பத்திரிகையில் வேலை பார்க்கும் நான் பிறகுதான் இந்த விளக்குகளைப் பற்றிப் படித்தேன். ஒரே தகட்டில் செய்த எல்இடிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து, வெளிச்சத்தின் அளவுக்கு ஒரு தரம், நிறச் சாயலுக்கு ஒரு தரம் என்று பிரிக்கிறார்கள். சிவப்பையும் பழுப்பையும் உள்ளபடி காட்டும் வகைக்கு லூமென் சற்றுக் குறையும். அதனால் அதிக லூமென் விற்கிறவர்கள் அந்த வகையைப் போடுவதில்லை. பெட்டியில் லூமென் மட்டும் இருக்கும். அண்ணனுடைய டார்ச்சில் பழுப்புப் பூச்சியும் சேறும் ஒரே சாம்பல் நிறம்.

இதை அவரிடம் சொன்னேன்.

"கருகினப்புறம் காரணம் சொல்றதுக்குத்தான் பேப்பர்காரன் வருவான்" என்றார். அண்ணி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

நிலத்துக்காரர் ஒரு காலையில் வந்தார். அன்றைக்கு அண்ணன் லீவு போட்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் வரப்பில் நின்றே பார்த்தார்.

"என்ன தம்பி, வயப்பக்கம் வர்றதே இல்லியா?"

"தெனமும் பார்த்தேங்க."

அதில் பொய் இல்லை. நிலத்துக்காரர் தலையாட்டினார். அடுத்த போகத்துக்கு வேறொருவரிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்.