கேரண்டி இல்லாத கடி

ஒரே செய்தியை ஊரார் எத்தனை விதமாக மாற்றிச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வாழ்நாள் வேலை. சொல்பவன் இடத்தில் நாமே நிற்க நேரும்போதுதான் அந்த மாற்றங்களை ரசிப்பது எளிது, பொறுப்பது அரிது என்பது விளங்குகிறது.

ஓய்வுக்குப் பின், செவிலிமேட்டுத் திடலில் போடப்பட்ட ஆதிகாலக் கடல் விலங்குக் கண்காட்சியில் விளக்கம் சொல்ல ஒப்புக்கொண்டேன். உள்ளே ஃபைபரில் செய்த ராட்சதத் தாடைகள். ‘கடியின் வலிமை கணிப்பு மட்டுமே, உறுதி கூற இயலாது’ என்ற பலகை வாசலில் இருக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. உரிமையாளர் முருகேசன் அரைமனதுடன் இசைந்தார்: ஞாயிறு மாலைக்குள் கூட்டம் சேராவிட்டால் பலகை போகும், அதோடு நானும் போகலாம். பொதுமக்களுக்கு விளக்கம் சொல்லி அவதியுற்ற அன்பர்களுக்கு இந்நிலை புதிதன்று.

லாரி தேரானது

மெகலோடான் என்னும் பண்டைச் சுறாவின் கடி, பாரம் ஏற்றிய லாரி நம் மேலே நிற்பதற்கு ஒப்பாகலாம் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் முருகேசன் ஒலிபெருக்கியில் அவ்வாறே அறிவித்தார். மறுநாள் லாரி ரயில் எஞ்சினாயிற்று. அதற்கடுத்த நாள் அது தேராகிவிட்டது. ‘ஆகலாம்’ என்ற சொல்லும் எங்கோ உதிர்ந்திருந்தது. கேட்போர் நன்கறிந்த பொருளை நோக்கியே உவமை நகரும் என்பது நான் பலமுறை கண்ட விதிதான். ஆயினும் காரணம் கேட்டேன்.

“லாரின்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்கலை சார். தேருன்னேன், கன்னத்துல போட்டுக்கினே உள்ள வந்துட்டாங்க.”

கரும்பும் கவசமீனும்

டங்கிள்ஆஸ்டியஸ் என்ற கவசமீனுக்குப் பல் இல்லை. தாடை எலும்பின் கூரிய விளிம்பே கத்தரிபோல் வேலை செய்தது. வாசலில் கரும்புச்சாறு விற்பவர் இதைக் கேட்டுவிட்டு, தம் இயந்திரத்தில் கை சிக்குவதைவிட அது மோசமா என்று வினவினார். இயந்திரம் நசுக்குவது, மீன் வெட்டுவது, இரண்டையும் ஒப்பிடுவது முறையன்று என்று பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, சாற்றுக்குக் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

“மீனுக்கு அடுத்தது நம்ம மிஷின்தானாம்பா, சாரே சொல்லிட்டாரு!”

பல்லும் பார்டரும்

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பாலானது, எளிதில் எஞ்சாது. மெகலோடானின் எச்சமாகப் பெரும்பாலும் கிடைத்தவை பற்களே. இன்றைய வெள்ளைச் சுறாவின் தாடையை அடிப்படையாகக் கொண்டுதான் அதன் கடியைக் கணித்தார்கள். சனிக்கிழமை இதை நான் சொல்லி முடித்ததும், தறி வேலையை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மாள் தாடையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஒரு முழம் பார்டரைக் காட்டி முழுப் புடவைக்கும் விலை சொல்றா மாதிரி இருக்குதுங்க.”

நியாயமான கருத்து. துரதிர்ஷ்டவசமாக, முருகேசனின் காதிலும் விழுந்தது. அதே நேரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், தயாளன் என்பவர், வாசலில் நின்று என் பலகையை இருமுறை படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முருகேசன் அவரைச் சுட்டிக்காட்டினார்.

“பாத்தீங்களா சார்? உங்க போர்டு வாசல்ல நின்னுக்கினு வர்றவனைத் திருப்பி அனுப்புது. நாளைக்கு சாயந்திரம், அவ்ளோதான்.”

ஞாயிறு

கோயிலுக்கு வரும் வெளியூராரைத் தரிசனம் முடிந்ததும் பட்டுக் கடைக்கு அழைத்துப் போவது தயாளனின் தொழில். ஞாயிறு பிற்பகல் அவருடைய ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. பின்னாலேயே அவருடைய நண்பர்களின் ஆட்டோக்கள். புடவை வாங்க வந்தவர்களை இங்கே எதற்கு இறக்குகிறாய் என்று ஒருவர் அதட்டினார்.

“அசல் பட்டு, அசல் ஜரிகை, கேரண்டின்னு ஊரு பூரா போர்டு சார். கேரண்டி இல்லேன்னு எழுதி வெச்சவன் இவன் ஒருத்தன்தான். தைரியமா உள்ள போங்க, நம்பலாம்.”

மாலையில் சீட்டு கொடுக்குமிடத்தில் வரிசை சாலைவரை நீண்டது. முருகேசன் ஏணியுடன் பலகையை நோக்கி நடந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு அருகே போனேன். அவர் ஏணிமேல் ஏறி, பலகைக்கு நேர்மேலே ஒரு விளக்கை மாட்டினார்.

“எங்க சார் கிளம்பிட்டீங்க? எழுத்து சின்னதா இருக்குது, பெருசா எழுதிக் குடுங்க.”

அழிந்த விலங்கின் கடியை ஒருவராலும் நேரில் அளக்க முடியவில்லை. ‘உறுதி கூற இயலாது’ என்ற என் வாக்கியத்தைத்தான் ஊர் உறுதியாகப் பற்றிக்கொண்டது.