குங்குமப் பொட்டு போன திசை

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதுதான் நாமக்கல்லில் எங்கள் பிழைப்பு. தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம், பள்ளிபாளையத்தில் துருப்பிடித்ததென்று ஒருவர் கழித்துவிட்ட பெரிய தையல் மெஷினை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கை எரிய எரிய நானே துருவைத் தேய்த்து எடுத்தேன். கால்மிதியைக் கழற்றிவிட்டு அவர் மோட்டார் பூட்டினார். சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டோம்.

ஒரு தையல்கூட விழவில்லை. நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடியும் அறுந்தது.

"நூலு மட்டம்" என்றார். பிறகு ஊசியைக் குறை சொன்னார். கடைசியில், "உன்ற கைதான் சரியில்ல" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சக்கரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். வேகம் அடங்கியதும் குங்குமப் பொட்டு கண்ணில் பட்டது. பழைய மெஷினில் மிதித்துத் தைத்த இத்தனை காலமும் சக்கரத்தின் மேல்பக்கம் என்னைப் பார்த்துத்தான் சுற்றி வரும். இந்தப் பொட்டோ என்னை விட்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"சக்கரம் திருப்பிச் சுத்துதுங்க. பெல்ட்டக் குறுக்க மாத்திப் போடுங்க."

அவர் பெல்ட்டை எட்டு போல முறுக்கி மாட்டினார். அதே நூல், அதே ஊசி. நாலு மடிப்புத் தார்ப்பாயில் தையல் நேராக ஓடியது.

அவர் தையலைத் தடவிப் பார்த்தார். "நூலு நல்ல நூலுதான்" என்றார்.

"கையும் நல்ல கைதானுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன்.