கூரை மேல் ஏழு புள்ளிகள்

மலேசியாவின் கோத்தா திங்கியில் வெள்ளம் வந்தபோது என் அக்கா மேரி எஸ்டேட் வீட்டுக் கூரையில் ஓர் இரவைக் கழித்தார். விடிந்ததும் மீட்புப் படகு வந்தது. ராணுவத்தின் ஆளில்லா உளவு விமானம் பார்த்துச் சொன்னதாம். அதை இயக்கியவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. அந்த விமானம் ஓய்வு பெற்றுவிட்டது, ராணுவ முகாமைப் பொதுமக்கள் பார்க்கும் திறந்த நாளில் அதன் பழைய குழுவினரும் வருவார்கள் என்ற அறிவிப்பைப் போன மாதம் பார்த்தேன். விடுவோமா?

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கெலாங் பாத்தாவிலிருந்து கிளம்பினோம்: நான், அக்கா, அவர் மகள் ஷாமினி. முகாமுக்கு எழுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியில் மூவருக்கும் ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ, மொத்தம் பதினாறு வெள்ளி.

உள்ளதைச் சொல்கிறேன், விமானத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு ஏமாற்றம்தான். இறக்கை நீளம், ஆனால் உடல் எங்கள் கார் அளவுகூட இல்லை. பக்கத்திலிருந்த பலகையைப் படித்த பிறகு எண்ணம் மாறியது. பன்னிரண்டு ஆண்டு சேவை. கடத்தல் படகுகளைத் தேடியிருக்கிறது. எல்லைக் காட்டின் மேல் மணிக்கணக்கில் வட்டமிட்டிருக்கிறது. ஒருநாளும் ஆயுதம் சுமந்ததில்லை. வெறும் பார்வையால் இவ்வளவு வேலை!

அருகில் நின்ற அந்தோணி, தரையிலிருந்து அதன் கேமராவை இயக்கியவர். அக்கா எஸ்டேட்டின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அந்தக் கேமராவுல உடம்புச் சூடு வெள்ளைப் புள்ளியா தெரியும்மா. கூரையில ஏழு புள்ளி. ஏழு பேருன்னு ரேடியோவுல சொன்னேன். படகு எட்டுப் பேர ஏத்திட்டு வந்துச்சு. ஒருத்தர எப்படி விட்டேன்னு இன்னும் மனசு அடிச்சிக்குது லா."

அக்கா ஷாமினியை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இவதாண்ணே. அப்போ மூணு மாசக் கைக்குழந்தை. என் ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்தேன்."

அந்தோணி தொப்பியைக் கழற்றினார். நன்றி சொல்ல வந்த அக்கா அவர் கைகளைப் பற்றிக்கொண்டார்.

அடுத்த திறந்த நாளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, நுழைவு இலவசம், அடையாள அட்டை கட்டாயம். நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைப் படித்ததோடு திரும்பிவிடாமல் அங்கே நிற்பவர்களிடம் பேசுங்கள்.

கிளம்பும்போது ஷாமினி கேட்டாள்: "அப்போ என்னைப் பார்க்கவே இல்லையா அங்கிள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பார்த்திருக்கேன்மா. ஒரு புள்ளி மட்டும் மத்ததவிட பெருசா இருந்துச்சு."